செவிலியின் மேற்படிப்பு: தொலைவில் இருந்த வகுப்பறைகள்

ஆவடியைத் தாண்டி விமானப்படை நிலையத்தின் நீண்ட மதிலை ஒட்டியபடி செல்லும்போது வருகிற ஊர் முத்தாபுதுப்பேட்டை. பழைய குடிகளோடு, நாட்டின் பல திசைகளிலிருந்து மாற்றலாகி வந்து சில ஆண்டுகள் தங்கிவிட்டு வேறொரு திசைக்குப் பெயர்ந்து செல்லும் படைவீரர் குடும்பங்களும் இப்பகுதியில் உண்டு. அத்தகைய குடும்பங்களில் ஒரு வீட்டு முகவரி நிலைக்கும் காலத்தைவிட ஒரு பட்டப்படிப்பின் காலம் சில வேளைகளில் நீண்டதாகிவிடும்.

அப்படியொரு வீட்டைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் நமக்குப் பல்லாண்டுப் பழக்கம். பட்டயம் பெற்றுப் பணியில் சேர்ந்து, பின்னர் பட்டமும் பெற்றவர். பதினேழு ஆண்டுகளில் கணவரின் பணிமாற்றத்துக்கேற்ப மூன்று மாநிலங்களில் ஐந்து மருத்துவமனைகளில் வேலை செய்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்து, செவிலிய நிர்வாகத்தில் இணையவழி முதுகலைப் பட்டம் படிக்கப் பதிவு செய்துவிட்டதாகவும், அதற்கான நோக்க அறிக்கையை எழுதித் தர உதவ வேண்டும் என்றும் கேட்டார். இடைத்தரகு நிறுவனம் ஒன்றுக்குப் பதிவுக்கட்டணமும் கட்டியிருந்தார். அந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா என்று கேட்டோம். "அதைத்தான் சார் நீங்க விசாரிச்சுச் சொல்லணும்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "வார்டுல நான் தினமும் செய்யறது நிர்வாகந்தான். ஆனா பட்டம் இல்லாததால அது வேலைன்னு கணக்குலயே வரமாட்டேங்குது" என்றார்.

விசாரிக்கத் தொடங்கிய நாம், ஒரு கட்டண ரசீதிலிருந்து நூற்றைம்பது ஆண்டு வரலாற்றுக்குள் போய்ச் சேர்ந்தோம். செவிலியத்தைத் தொலைவிலிருந்து கற்பிக்க முடியுமா, செவிலியரின் நிர்வாகம் ஏன் கணக்கில் வருவதில்லை என்னும் இரண்டு கேள்விகளும் தனித்தனியே தோன்றினாலும் வரலாற்றில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நாம் தமிழ் கற்பிப்பவர். மருத்துவத் துறையினர் அல்லர். எனவே சொல்லிலிருந்தே தொடங்குவது நமக்கு இயல்பு.

செவிலி என்னும் சொல்

'நர்ஸ்' என்பதற்கு ஈடாக நாம் இன்று வழங்கும் 'செவிலியர்' என்ற சொல் சங்க அகத்திணை மரபிலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தோழி அவளுடைய மகள். தாய் என்று அகப்பாடல்களில் சொல்லப்படுபவள் செவிலியே என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. பெற்றவள் நற்றாய், பேணியவள் செவிலி. தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலை நிலத்து வழியில் தேடிச் செல்பவளும், எதிர்ப்படுவோரிடம் கேட்டு நிற்பவளும் இவள்தான்.

இவளுக்கு இன்னொரு பணியும் உண்டு. தலைவியின் மணவாழ்க்கையை நேரில் கண்டுவந்து நற்றாய்க்கு எடுத்துரைப்பது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி 'செவிலி கூற்றுப் பத்து' என்ற பத்துப் பாடல்களோடுதான் தொடங்குகிறது. அவள் சென்று பார்க்கிறாள், கவனிக்கிறாள், திரும்பி வந்து அறிக்கை தருகிறாள். நிர்வாகத்தின் மொழியில் இதை மேற்பார்வை என்போம். ஆயினும் மகளை யாருக்குக் கொடுப்பது என்னும் முடிவு அவள் கையில் இல்லை. எல்லாம் அறிந்தவள், முடிவெடுக்கும் இடத்தில் இல்லாதவள் என்ற இந்த நிலை, அவள் பெயரைப் பெற்ற நவீனத் தொழிலுக்கும் வாய்த்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பொருத்தம் வியப்பூட்டுகிறது.

படுக்கையிலிருந்து நடந்த நிர்வாகம்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையின் தொடக்கம் 1664. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைவீரர்களுக்காக ஏற்பட்ட சிறு மருத்துவமனை அது. அதன்பின் இரண்டு நூற்றாண்டுகள் வரை முறையாகப் பயிற்சி பெற்ற செவிலியர் என்ற வகுப்பே இங்கு இல்லை. படைக்கு மருத்துவமனை உண்டு, மருத்துவர் உண்டு. நோயாளியைப் பேணுவது மட்டும் கற்க வேண்டிய ஒரு கலை என்று எவரும் கருதவில்லை.

அக்கருத்தை மாற்றியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்பது பள்ளிப்பாடம். கிரிமியப் போர், கையில் விளக்கு, இரவு நேரத்து உலா என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அவர் வாழ்க்கையின் மிக நீண்ட பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. போரிலிருந்து திரும்பிய பின் உடல் நலம் குன்றி, ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கியிருந்தார். அந்த அறையிலிருந்தபடியே 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி உருவாக வழிசெய்தார். அதே அறையிலிருந்துதான் இந்தியாவையும் கவனித்தார்.

இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையின் சுகாதார நிலையை ஆராய அமைந்த அரச ஆணைக்குழுவுக்காக, இந்நாட்டின் படைமுகாம்கள் ஒவ்வொன்றுக்கும் வினாநிரல்கள் அனுப்பப்பட்டன. குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, பாசறையில் ஒருவருக்கு எவ்வளவு இடம், எத்தனை பேர் எந்த நோயில் இறந்தனர் என்று கேள்விகள். வந்து சேர்ந்த விடைகளைத் தொகுத்துப் பகுத்து நைட்டிங்கேல் எழுதிய குறிப்புகள் 1863-ஆம் ஆண்டு அறிக்கையின் உயிர்ப்பகுதியாயின. படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர் என்பது அவ்வறிக்கை உலகுக்குச் சொன்ன செய்தி. எதிரியின் துப்பாக்கியைவிடக் கிணறும் சாக்கடையுமே அதிகம் கொன்றன. தொடர்ந்து சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. சென்னையின் அதிகாரிகளோடும் அவர் கடிதத்தொடர்பு வைத்திருந்தார். 1865-இல் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலிய முறை ஒன்றையும் எழுதித் தந்தார்.

இந்திய மண்ணை அவர் ஒருமுறையும் மிதித்ததில்லை என்பதுதான் இதில் முக்கியம். நோயாளியின் நெற்றியில் கை வைத்துக் கற்க வேண்டியதை அவர் ஸ்குட்டாரியில் கற்றுவிட்டார். எண்களை வாசிப்பது, ஒழுங்கை வகுப்பது, ஆளைப் பகிர்ந்து நிறுத்துவது, மேலிடத்தை எழுத்தால் அசைப்பது ஆகிய மற்றொரு பாதியை ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து செய்தார். செவிலிய நிர்வாகம் என்னும் துறையின் முதல் ஆசிரியர் அஞ்சல் வழியாகவே இந்தியாவுக்கு வந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. நாட்டின் தொடக்ககாலப் பயிற்சிப் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் மேலே இருந்து கண்காணிக்கும் பதவி நெடுங்காலம் ஐரோப்பியப் பெண்டிரிடமே இருந்தது. 1888-இல் படை மருத்துவமனைகளின் செவிலியத்தைச் சீரமைக்கப் பிரித்தானியாவிலிருந்து வந்திறங்கிய குழுவினரும் அவ்வாறே. படுக்கை விரிப்பவர் உள்ளூர்ப் பெண். பதிவேட்டில் கையெழுத்திடுபவர் கடல் கடந்து வந்தவர்.

நிர்வாகம் ஒரு பாடமாக ஆனது

செவிலியர் நிர்வாகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்கலாம் என்ற எண்ணம் நியூயார்க்கில் பிறந்தது. 1899-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் 'மருத்துவமனைப் பொருளியல்' என்ற பெயரில் ஒரு வகுப்பு தொடங்கப்பட்டது. பயிற்சி முடித்து அனுபவமும் பெற்ற செவிலியரை மேற்பார்வையாளராகவும் பயிற்சிப் பள்ளித் தலைவராகவும் உருவாக்குவது அதன் நோக்கம். இசபெல் ஹாம்ப்டன் ராப் போன்றோரின் முயற்சியில் தொடங்கிய அந்த வகுப்பே பின்னாளைய செவிலிய நிர்வாக முதுகலைப் படிப்புகள் அனைத்துக்கும் மூலவேர். அங்கே 1907-இல் அடிலெய்டு நட்டிங் பேராசிரியரானார். செவிலியர் ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனது உலகில் அதுவே முதல்முறை.

அந்த வகுப்பின் பெயரைச் சற்று நின்று கவனிக்கலாம். அன்பு, தொண்டு, தியாகம் என்னும் சொற்களில் ஒன்றும் அதில் இல்லை. 'பொருளியல்' என்றே பெயர் வைத்தார்கள். எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர், எத்தனை மணி நேரம், எவ்வளவு துணி, எவ்வளவு செலவு என்பதைச் செவிலியரே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்கள். தொண்டு என்ற சொல்லின் கீழ் மறைந்திருந்த உழைப்பை எண்ணிக் காட்டுவதே தொழிலின் மரியாதைக்கு முதற்படி என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இந்தியாவிலும் செவிலியரின் முதல் அமைப்பு, கண்காணிப்பாளர்களின் அமைப்பாகவே தோன்றியது. 1905-இல் இலக்னோவில் செவிலியக் கண்காணிப்பாளர் சங்கம் உருவாகி, 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் பிறந்து, 1922-இல் இரண்டும் ஒன்றாயின. இந்தியச் செவிலிய இதழ் 1910 முதல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டுச் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டம் பதிவு முறையைக் கொண்டுவந்தது. பெயர் பதிவேட்டில் ஏறினால் மட்டுமே செவிலியர் என்று ஆனபின், தொழிலுக்கு ஓர் எல்லைக்கோடு கிடைத்தது.

வேலூரில் 1909-லேயே ஐடா ஸ்கடர் செவிலியர் பள்ளியைத் தொடங்கியிருந்தார். பெண் வெளியே வந்து வேலை செய்வதையும், அதிலும் அந்நியர் உடலைத் தொட்டுப் பணி செய்வதையும் இழிவாகக் கருதிய சாதிச் சமூகத்தில், அப்பள்ளிக்கு முதலில் வந்தவர் பெரும்பாலும் கிறித்தவப் பெண்களே. இதை நாம் நன்றியோடும் கூச்சத்தோடும் நினைவுகூர வேண்டியிருக்கிறது. செவிலித்தாயைக் கவிதையில் போற்றிய மரபு, வாழ்க்கையில் அவள் தொழிலைத் தீட்டென்று ஒதுக்கியது.

போர், ஆவடி, 1943

இரண்டாம் உலகப்போர் ஆவடியின் முகத்தை மாற்றியது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த இப்பகுதி படைத்தளவாடக் கிடங்கின் ஊராயிற்று. பின்னாளில் இங்கே 1955-இல் காங்கிரசு மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயம் பேசியதும், 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்ததும், விமானப்படை நிலையம் ஊரின் அடையாளமானதும் அந்தப் போர்க்கால அடித்தளத்தின் தொடர்ச்சிகளே.

அதே போர் செவிலியத்தையும் மாற்றியது. காயமுற்றோர் பெருகப் பெருக, பணிசெய்யும் செவிலியர் போதவில்லை என்பதோடு, அவர்களை ஒழுங்குபடுத்திக் கற்பிக்கத் தெரிந்தவர் அறவே இல்லை என்பதும் வெளிப்பட்டது. 1943-இல் இரண்டு செய்திகள். ஓர் அவசரச் சட்டத்தால் படைச் செவிலியர் அதிகாரிகளின் தகுதி பெற்றனர். தில்லியில் செவிலிய நிர்வாகப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அனுபவம் பெற்ற செவிலியரை மேற்பார்வைக்கும் கற்பித்தலுக்கும் ஆயத்தம் செய்வது அதன் பணி. நம் நாட்டில் செவிலிய நிர்வாகம் தனியே ஒரு பள்ளியின் பெயராக அமைந்தது அப்போதுதான். 1946-இல் தில்லியில் செவிலியர் கல்லூரி தோன்றியது. இன்று அது ராஜகுமாரி அம்ரித் கவுர் பெயரால் வழங்குகிறது.

1946 மற்றொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. அதே ஆண்டில் வேலூரில் சென்னைப் பல்கலைக்கழக இணைப்போடு செவிலியப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில்தான் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு தன் பேரறிக்கையை வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். அன்றைய பிரித்தானிய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் இருந்தார் என்றும், 43,000 பேருக்கு ஒரு செவிலியர்தான் இருந்தார் என்றும் அக்குழு கணக்கிட்டது. மருத்துவரைவிடச் செவிலியர் பன்மடங்கு மிகுதியாக இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு தலைகீழாக நின்றது.

விடுதலைக்குப் பின் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்தியச் செவிலியக் குழுமம் ஏற்பட்டு, பாடத்திட்டங்கள் நாடு முழுவதும் ஒரே தரத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1959-இல் தில்லிக் கல்லூரியில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு தொடங்கியது. அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் வேலூரும் அவ்வழி சென்றது. 1976-இல் படைச் செவிலியப் பணியைச் சேர்ந்த ஜி. அலி ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்தியப் பெண் ஒருவர் அப்பதவியை எட்டியது அதுவே முதன்முறை. படையில் நிர்வாகம் செய்யும் செவிலியருக்குத் தோளில் நட்சத்திரம் ஏறியது. குடிமை மருத்துவமனையில் அதே வேலையைச் செய்தவருக்குச் சாவிக்கொத்துதான் கிடைத்தது.

பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஒரு குரல்

ஆவடிக்குத் தெற்கே பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை, முன்னாள் முதலமைச்சர் எம். பக்தவத்சலத்தின் ஊர். அவர் மகள் சரோஜினி வரதப்பன் சமூகப்பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 1987-இல் நடுவண் அரசு செவிலியத் தொழிலின் நிலையை ஆராய உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தபோது அதன் தலைமையை ஏற்றவர் அவரே.

அக்குழு எடுத்துக்கொண்ட பொருள்களைப் பார்த்தால், நம் முத்தாபுதுப்பேட்டைச் செவிலியரின் குமுறலே அரசு மொழியில் எழுதப்பட்டதுபோல் தோன்றும். வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை, நோயாளிக்கேற்ற செவிலியர் எண்ணிக்கை, செவிலியம் அல்லாத எழுத்து வேலைகளிலிருந்தும் சரக்குக் காப்பு வேலைகளிலிருந்தும் விடுதலை, பதவி உயர்வுக்கான படிநிலைகள், மாநில அளவில் செவிலியருக்கான நிர்வாக அமைப்பு, உயர்கல்வி ஆகியன அதன் அக்கறைகள். செவிலியத்தைச் செவிலியரே நிர்வகிக்க வேண்டும். அதற்கு அவர்கள் கற்க வேண்டும். கற்பதற்கு வழி வேண்டும் என்பது அதன் சாரம்.

இக்குழுவின் தலைவரைப் பற்றி நமக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அவருடைய பள்ளிப்படிப்பு இளவயதில் இடையிலேயே நின்றுபோனது. திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர்ந்து, பட்டங்கள் பெற்று, எண்பது வயதில் முனைவரும் ஆனார். நின்றுபோன படிப்பு என்பது என்ன என்று தம் வாழ்க்கையிலிருந்தே அறிந்த ஒருவர், நாட்டின் செவிலியர் படிப்பைப் பற்றி எழுதினார். பரிந்துரைகள் பலவும் இன்றுவரை காகிதத்தில் இருப்பது வேறு கதை.

அஞ்சலில் வந்த பாடமும் இணையத்தில் வந்த பாடமும்

தொலைநிலைக் கல்வியைப் பற்றித் தமிழ்த்துறையினராகிய நாம் சற்று உரிமையோடு பேசலாம். 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அவ்வழி வந்தன. எத்தனை எழுத்தர்கள், நடத்துநர்கள், இல்லத்தரசிகள் பழுப்புநிற உறைகளில் வந்த பாடங்களைப் படித்துத் தமிழ் முதுகலை பெற்றார்கள் என்பதை நம் தலைமுறை அறியும். அவர்களில் சிலர் நம்மைவிட ஆழமாகத் தொல்காப்பியம் அறிந்தவர்கள். உரையாசிரியர்களைக் கற்க ஒரு நூலும் ஒரு விளக்கும் போதும்.

ஊசி போடக் கற்க அது போதாது. செவிலியத்தைத் தொலைவிலிருந்து கற்பிப்பதில் எழும் முதல் ஐயம் இது, நியாயமான ஐயமும்கூட. இந்திராகாந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தோன்றி, 1990-களில் செவிலியப் பட்டப்படிப்பைத் தொலைநிலையில் தொடங்கியபோது இந்த ஐயத்துக்கு ஒரு விடையும் கண்டது. ஏற்கெனவே பட்டயம் பெற்றுப் பதிவு செய்து பணியில் இருப்பவருக்கு மட்டுமே சேர்க்கை. பாடம் வீட்டுக்கு வரும். செய்முறைக்குக் குறிப்பிட்ட நாள்கள் கல்வி மையமாக அமைந்த கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ நேரில் சென்றாக வேண்டும். கைத்தொழில் வார்டில், சிந்தனை வீட்டில் என்ற பங்கீடு அது. பட்டயத்தோடு நின்றுபோன செவிலியர்க்கு அது கதவைத் திறந்தது.

முதுகலைக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. நம் நாட்டுச் செவிலிய முதுகலை, கல்லூரியில் இருந்து படிக்க வேண்டிய இரண்டாண்டு முழுநேரப் படிப்பு. மருத்துவ அறுவைச் செவிலியம், மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என்பன அதன் சிறப்புப் பிரிவுகள். நிர்வாகம் தனிப் பிரிவாக இல்லை. எல்லாப் பிரிவினரும் இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஒரு தாளாக இருக்கிறது. 1943-இல் ஒரு பள்ளியின் பெயராக இருந்தது, இப்போது ஒரு தாளின் பெயராக நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகள், தொலைநிலையிலும் இணையவழியிலும் அனுமதிக்கப்படாத துறைகளின் வரிசையில் மருத்துவம், பொறியியல், சட்டம் முதலியவற்றோடு செவிலியத்தையும் சேர்த்தன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1990-களுக்குப் பின் இணையவழியில் செவிலிய நிர்வாக முதுகலை நடத்தும் பல்கலைக்கழகங்கள் அங்கே பெருகின. மாணவர் உரிமம் பெற்ற செவிலியராக இருக்க வேண்டும். பணியாளர் பகிர்வு, வரவுசெலவு, சட்டம், தர மேம்பாடு ஆகியவை இணையத்தில். செய்முறையைத் தம் ஊர் மருத்துவமனையிலேயே ஒரு மூத்த நிர்வாகியின் மேற்பார்வையில் செய்யலாம். 1899-இல் நியூயார்க்குக்குச் சென்றே கற்க வேண்டியிருந்த மருத்துவமனைப் பொருளியல், நூறு ஆண்டுகளில் கற்பவரின் மேசைக்கே வந்துவிட்டது. அங்கே குடியேறி உரிமம் பெற்று உழைக்கும் தமிழ்ச் செவிலியர்க்கு அது மெய்யான ஏணி. முத்தாபுதுப்பேட்டையில் இருந்துகொண்டு அதே பட்டத்தை வாங்கி இங்கே பயன்படுத்த எண்ணுபவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. செவிலியத்துக்குத் தனி ஒழுங்குமுறைச் சட்டம் உள்ள நாட்டில், வெளிநாட்டுப் பட்டத்தின் செல்லுபடி அந்தச் சட்டத்தின் வாயிலில்தான் முடிவாகும். இதை இடைத்தரகர் எவரும் சொல்லிவிட்டுக் கட்டணம் வாங்குவதில்லை.

தடையும் தேவையும்

விதி தவறு என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. வகுப்பறை இல்லாத கல்லூரிகளையும், வார்டைக் காணாமல் சான்றிதழ் பெற்றவர்களையும் பற்றி நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். நோயாளியின் உயிர் சார்ந்த தொழிலில் அரசு கதவை இறுக்கிச் சாத்துவதற்குக் காரணம் உண்டு. நாளை நாமோ நம்மவரோ அந்தப் படுக்கையில் கிடக்கும்போது, ஊசியேந்தி வருபவர் கற்றவராக இருக்க வேண்டும் என்றுதான் விரும்புவோம்.

ஆனால் இங்கே கேட்பவர் ஊசி போடக் கற்க வரவில்லை. அதைப் பதினேழு ஆண்டுகளாகச் செய்துவருகிறார். முப்பது படுக்கைக்கு இரவில் இரண்டு செவிலியர் போதாது என்பதை உணர்ச்சியால் அல்லாமல் எண்களால் நிறுவ அவருக்குக் கற்க வேண்டும். பணிப்பட்டியலை நீதியாகப் போட, மருந்துப் பிழை நேர்ந்தால் அதைச் செய்த பெண்ணைத் திட்டுவதோடு நில்லாமல் பிழை நேர்ந்த வழியை அடைக்க, நிர்வாகக் கூட்டத்தில் மருத்துவரும் கணக்காளரும் பேசும் மொழியில் தம் தரப்பை எடுத்துவைக்கக் கற்க வேண்டும். இவை நைட்டிங்கேல் கடிதத்தில் செய்த வேலைகள். தொலைவிலிருந்து கற்கத் தகுந்த பகுதி செவிலியத்தில் ஒன்று உண்டென்றால் அது நிர்வாகமே. விதியோ செவிலியம் முழுவதையும் ஒரே கல்லாகக் கொள்கிறது.

முழுநேரப் படிப்புக்கு அவர் போகலாமே என்று கேட்கலாம். இரண்டு ஆண்டு ஊதியத்தை விட்டு, கட்டணமும் கட்டி, கணவருக்கு நடுவில் மாற்றல் வராது என்று நம்பிச் சேர வேண்டும். படைக்குடும்பத்துப் பெண்ணுக்கு அந்த நம்பிக்கையை எவரும் எழுதித் தருவதில்லை. செவிலியர் பெரும்பாலும் பெண்கள் என்பதால், இந்தக் கணக்கு ஒரு வீட்டோடு நிற்பதுமில்லை.

1990-களின் பங்கீட்டு முறையை முதுகலைக்கும் நீட்டலாம் என்பது நம் எளிய கருத்து. நிர்வாகத்தைத் தனிப் பிரிவாக ஆக்கி, ஐந்தாண்டுப் பணியனுபவமாவது உள்ள பதிவுபெற்ற செவிலியர்க்கு மட்டும் சேர்க்கை தந்து, கோட்பாட்டை இணையவழியிலும் செய்முறையை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளிலும் நடத்தலாம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியச் செவிலிய, மகப்பேற்றுச் செவிலிய ஆணையச் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. புதிய வீடு கட்டும்போதுதான் புதிய சாளரம் வைப்பது எளிது.

விசாரித்தவற்றையெல்லாம் ஒரு மாலையில் அந்தச் செவிலியரிடம் சொன்னோம். கட்டிய பணம் திரும்பவில்லை. அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம் என்று மட்டும் முடிவாயிற்று. தற்போதைக்கு, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் பொது மேலாண்மைப் படிப்பில் சேரலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் செவிலியம் என்ற சொல் இருக்காது. கணக்கும் ஆள் மேலாண்மையும் இருக்கும்.

நோக்க அறிக்கைக்காக அவர் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை நம்மிடம் கொடுத்துச் சென்றார். திருத்தித் தரச் சொல்லியிருந்தார். ஓர் இரவுப் பணியில் எத்தனை முறை அழைப்பு மணி ஒலித்தது, எந்த நேரத்தில் ஒலித்தது, எத்தனை நிமிடத்தில் யார் போய்ச் சேர்ந்தார் என்று மூன்று மாதம் குறித்துவைத்து அட்டவணையாக்கியிருந்தார். பின்னிரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் தாமதம் மிகுவதையும், அந்நேரத்துக்கு ஒரு செவிலியரைக் கூடுதலாக நிறுத்த வேண்டும் என்பதையும் கீழே இரண்டே வரியில் எழுதியிருந்தார்.

நாம் அதில் ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தினோம். அந்தப் பக்கத்தை நோக்க அறிக்கையாக எங்கும் அனுப்ப வேண்டாம், உங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் மேசையில் வையுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.